பேட்டரி கார் சொன்ன வாக்கு

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடும் டவுன் பஸ் கண்டக்டர்கள் முன்பெல்லாம் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் நிறுத்தம் வந்தால், "பம்ப்செட் பட்டறை" என்று சொல்லி விசிலடிப்பார்கள். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதம் முதல், "கார் கோயில்! கார் கோயில் எறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்க!" என்று கூவ ஆரம்பித்தார்கள். அந்தக் கோயிலுக்குக் கட்டடம் கிடையாது. கோபுரம் கிடையாது. கடவுளுக்கு நான்கு சக்கரம், ஒரு ஸ்டியரிங், சீட்டுக்கு அடியில் எட்டு பேட்டரி. நம்பர் பிளேட்கூடக் கிடையாது. கடவுளிடம் லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரர் இன்னும் பிறக்கவில்லை.

அந்தக் கடவுளைச் செய்தவர் என் வீட்டுக்காரர் தனபால். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பழைய கார் ஒன்றை எடைக்கு வாங்கி, இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரை வைத்தார். மூன்று வருஷம் அதோடுதான் குடித்தனம். ஓடும்போது தையல் மிஷின் அளவுக்குக்கூடச் சத்தம் வராது. ஓட்டத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். அந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள், லேத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வைகாசியில் அடித்த கோடை மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, வண்டி பாதிச் சக்கரம் முங்க நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வெளியே எடுத்தேன். வலப்பக்கம் திருப்பினேன். வழக்கம்போல் மௌனம். இடப்பக்கம் திருப்பினேன். கல்லைக் கல்லால் அரைப்பதுபோல் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். நேராக்கினேன். நின்றுவிட்டது.

ஒரு டீசல் டாக்ஸியில் இந்தச் சத்தம் வந்திருந்தால் டிரைவருக்கே கேட்டிருக்காது. கேட்டாலும் சினிமாப் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார். ஊமை வண்டியில் வந்ததுதான் வினையாகப் போயிற்று.

"அண்ணன் பல்லக் கடிக்கறாருங்க அக்கா" என்றான் ரங்கராஜ், எங்கள் லேத் ஆள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு மேல் வரிசை முழுவதும் கட்டின பல். ராத்திரி கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். பல்லைக் கடிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த டம்ளரைத் தேடிக்கொண்டுதான் வர வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னேன். "பாவம், துக்கத்துல என்னமோ பேசறா" என்று எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பாலுசாமி மட்டும் சோடாவோடு நிற்கவில்லை. காங்கேயம் போய் ஒரு சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாமியார் பெயர் பங்காரு. அதுவரை அவர் கவுளி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனாலும், கிணறு வெட்டினாலும் கோயிலில் உட்கார்ந்து பல்லி எப்போது கத்தும் என்று காத்திருப்பார்கள். பல்லி சொன்னால் சரி. பல்லிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தால் கல்யாணம் நின்றுபோகும். எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று சொல்வது பங்காருவின் தொழில். பல்லியிலிருந்து பேட்டரிக்கு வந்தது அவருக்குப் பதவி உயர்வு.

வந்தவர் வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, மிதியை மிதித்து, பட்டறைக்கு முன்னால் இருந்த அரசமரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றி ஓட்டினார். வலமாகச் சுற்றினார். மௌனம். இடமாகச் சுற்றினார். 'கர்ர்ர்.' இறங்கினார். கண்ணை மூடினார். கூட்டமும் மூச்சை அடக்கியது.

"பாத்தீங்களா? புள்ளையார எடஞ்சுத்துனா வண்டி பொறுக்க மாட்டீங்குது. உள்ள ஒரு ஆத்மா இருக்குது. நெம்ப சுத்தமான ஆத்மா."

கோயிலை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று வண்டிக்கே தெரிந்திருக்கிறது! கூட்டத்துக்குப் புல்லரித்தது. பாவாத்தாள் என்கிற பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த நாளே பூக்கூடையோடு எலுமிச்சங்காய்க் கூடையையும் இறக்கி எங்கள் வாசலில் கடை போட்டுவிட்டாள்.

அன்று முதல் வாக்குக் கேட்பது ஆரம்பமானது. முறை மிகவும் எளிது. கேட்கிறவர் பிள்ளையார் முன்னால் கைகட்டி நிற்பார். சாமியார் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு வண்டியை எடுப்பார். 'சரி' என்றால் வண்டி வலம் வரும், சத்தமில்லாமல். 'வேண்டாம்' என்றால் இடப்பக்கம் திரும்பும், உறுமும். திருப்புவது சாமியார் கைதானே என்று ஒருவரும் கேட்கவில்லை. "நான் திருப்பறதில்லீங்க. தனபாலுதான் திருப்பறாரு. நான் சும்மா வளையத்தப் புடிச்சுக்கறன்" என்று அவரே சொல்லிவிட்டாரே!

எருமை வாங்கலாமா? உறுமியது. மகனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமா? அனுப்பலாம். மருமகள் சொல்வது நிஜமா, மகன் சொல்வது நிஜமா? வண்டி அன்றைக்கு ரொம்ப நேரம் உறுமியது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் தரிசனம் கிடையாது. 'வண்டி தவத்தில் இருக்கிறது' என்று பலகை தொங்கும். சுவரில் இருக்கும் பிளக்கில் ஒயரைச் சொருகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். கரண்ட் போய்விட்டால் 'மௌன விரதம்'. கரண்ட் பில் மட்டும் பழையபடி என் பெயருக்கே வந்தது. முக்தி அடைந்தவர்கள் அதையெல்லாம் கட்டுவதில்லை.

உடைத்த தேங்காயெல்லாம் மூட்டையில் ஏறிக் காங்கேயம் எண்ணெய் மில்லுக்குப் போயிற்று. பாலும் இளநீரும் வண்டிக்கு அபிஷேகம். உறுமல் வலது முன்சக்கரத்துப் பக்கமிருந்து வருகிறது என்று காது கூர்மையான யாரோ சொல்லவே, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் தனி அபிஷேகம், குடம் குடமாக. அபிஷேகம் ஏற ஏற உறுமலும் ஏறியது. "சக்தி கூடுது" என்றார் பங்காரு. அதோடு ஒரு கட்டளையும் போட்டார்: "சக்கரத்த மட்டும் ஒருத்தரும் தொடப்படாது. தொட்டா கை முடங்கிப் போயிரும்."

இத்தனையும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாக இருந்திருக்கும். ஆனால் பட்டறை நிலம் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. பாலுசாமி மாமாவுக்கு அங்கே கல்யாண மண்டபம் கட்ட ஆசை. தம்பி உயிரோடு இருந்தவரை முடியாது என்று சொல்லிவிட்டார். இப்போது என் கையெழுத்து வேண்டும். பட்டறையை நடத்தப் போகிறேன் என்று நானும் மறுத்துவிட்டேன். என் மகள் அக்ஷயாவின் படிப்பும், ரங்கராஜ் முதல் ஆறு பேரின் அடுப்பும் அந்த லேத்தை நம்பித்தான் இருந்தன.

"பொம்பள பட்டறைல நிக்கறது தனபாலுக்குப் புடிக்கலியாட்ட இருக்குது அம்மணி. இத நாஞ் சொல்லல, வண்டிகிட்டயே கேட்டுப்போடலாம். அமாவாசைக்கு நம்ம சனமெல்லாம் வருது. அது சொல்றபடி நீயும் கேளு, நானும் கேக்கறன்" என்றார் மாமா. குரலில் கருணை வழிந்தது.

உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு வண்டியில் தனியாக உட்கார்ந்து இடப்பக்கம் ஒரு தடவை திருப்பினேன். 'கர்ர்ர்.' அறிவுக்கு அது இரும்பு என்று தெரியும். காதுக்கு மனிதக் குரல் வேண்டியிருந்தது. சாமியார்களின் கடை எங்கே கிராக்கியாக நடக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சாவு விழுந்த வீட்டு வாசலில்.

மறுநாள் கிருபா வந்து சேர்ந்தாள். என்னோடு பத்தாவது வரை படித்தவள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. சண்டைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஏஞ் சாந்தா, உன்ற ஊட்டுக் காரு டாக்டருக்குப் படிச்சுதா? எங்க கிளினிக்ல ஒரு அம்மா கண்ணு ஆப்ரேசன் வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிருச்சு. கேட்டா, காரு உறுமிப்போட்டுதாம்!"

எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையாரை இடஞ்சுற்றினால் வண்டி பொறுப்பதில்லை என்பதையும் சொன்னேன்.

"புள்ளையாரு இல்லாத எடத்துல திருப்பிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. நான் மட்டுமா? பவானியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பஸ் ஏறி வந்த ஜனத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

"வேண்டாம்னா உறுமுதா, இல்ல எடப்பக்கம் போனா உறுமுதா? மொதல்ல அதைப் பாப்போம் வா."

அன்று மத்தியானம் சாமியார் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வண்டி தவத்தில் இருந்தது. ஒயரைப் பிடுங்கித் தவத்தைக் கலைத்தோம். பின்வாசல் வழியாகச் சந்தைத் திடலுக்கு ஓட்டிப் போனேன். சந்தை கூடாத நாள். பிள்ளையார் இல்லை, அரசமரம் இல்லை. இரண்டு நாய்கள் மட்டும் இருந்தன. இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டேன். 'கர்ர்ர்.' வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டேன். மௌனம். நாய்கள் கோயிலாக இருந்தாலொழிய, சாமியாரின் கணக்கு உதைத்தது.

"எனக்கு ரெண்டு புள்ளைங்கதானே?" என்று கிருபா வண்டியைப் பார்த்துக் கேட்டாள். நான் இடப்பக்கம் திருப்பினேன். உறுமியது. "அட, இல்லீங்குது! அப்ப ஊட்டுல திங்கறது யாரு புள்ளைங்க?"

பங்குனிக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். ரங்கராஜைச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னேன். "வேண்டாமுங்க அக்கா. கை முடங்கிப்போச்சுன்னா நானெப்பிடி லேத்து ஓட்டறது?" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சரி என்று நானே பிடித்தேன். இடது சக்கரம் அசையவில்லை. வலது சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டியபோது, ஆடுகிற பல் மாதிரி லொடலொடவென்று ஆடியது.

கிருபா கைப்பையிலிருந்து நோயாளிகளின் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினாள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். அச்சுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "மணல அரைக்கற மாதிரி இருக்குது. ஆத்மாவுக்கு நெஞ்சுச் சளி."

கழற்றினோம். சக்கரம் உருளுவதற்கு உள்ளே ஒரு பேரிங் இருக்கும். வளையத்துக்குள் இரும்பு உருளைகள், சுற்றிலும் கிரீஸ். இந்தப் பேரிங்கில் கிரீஸ் இல்லை. மழைத் தண்ணீர் புகுந்து துருவேறி, உருளைகள் சொத்தையாகியிருந்தன. மீதிக்கு அபிஷேகப் பால் திரிந்துபோய் நாறியது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது சக்கரத்தில் ஏறும். ஆட்டங்கண்ட பேரிங் சாயும். பிரேக் டிரம் போய்ப் பின்தகட்டில் உரசும். வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்துக்குப் போய்விடும். வலது பேரிங்குக்கு ஓய்வு. ஆகவே மௌனம். ஆத்மா, சக்தி, பக்தி, பல் எல்லாம் என் உள்ளங்கையில் அடங்கின.

"புதுசு போட்டா தீந்துது" என்றேன்.

"போட்டுப்போட்டீன்னா, சாமியார் பாத்து ஆத்மா சாந்தியடைஞ்சிருச்சும்பான். அதுக்கும் ஒரு அபிஷேகம் நடத்திப்போடுவான். ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானே? இதைத் தூக்கி அந்தப் பக்கம் மாட்டு."

வலது டிரம்மைப் பேரிங்கோடு இடது பக்கம் மாட்டினோம். இடது பக்கத்து நல்லதை வலது பக்கம் மாட்டினோம். சேற்றைத் துடைத்து, குங்குமத்தை இருந்த இடத்தில் வைத்து, ஒயரைச் சொருகித் தவத்தைத் தொடர வைத்தோம். பிறகு நான் பாலுசாமி மாமாவிடம் போய் அடக்கமாக நின்றேன்.

"சரிங்க மாமா. வண்டிகிட்டயே கேட்டுப்போடலாமுங்க."

மறுநாள் அமாவாசைக்கு முந்தின நாள். நல்லவேளையாக 'அமாவாசைக்கு முன் பூரண தவம்' என்று சாமியார் வண்டியை எடுக்கவில்லை. தரகரோடு மண்டபத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

அமாவாசையன்று அரசமரத்தடியில் நிற்க இடமில்லை. சொந்தக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பங்காரு புதுக் காவியில் மினுமினுத்தார். மாமா பிள்ளையார் முன்னால் கைகட்டி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"தம்பி தனபாலு, பட்டறைய மூடிப்போட்டு நிலத்த மண்டபத்துக்குக் குடுத்துரலாமாய்யா?"

'சரி' என்றுதானே பதில் வர வேண்டும்? சாமியார் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். வலப்பக்கம் திருப்பினார்.

'கர்ர்ர்ர்ர்!'

புதுக் காவி குலுங்கியது. முக்கால்வாசி மூடிய கண் முழுசாகத் திறந்தது. வண்டியை நிறுத்தினார். மறுபடியும் எடுத்தார். மறுபடியும் 'கர்ர்ர்!' பிள்ளையாரை முறைப்படி வலம் வருகிற வண்டி உறுமுகிறது! கூட்டத்தில் தலைகள் திரும்பின.

"அமாவாசை... வாக்கு மாறி வருது" என்று முனகிக்கொண்டே இடப்பக்கம் திருப்பினார். நிசப்தம். பக்கத்துப் பெட்டிக்கடை ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டது. பிள்ளையாரை இடஞ்சுற்றியும் வண்டி குழந்தை மாதிரி சமர்த்தாகப் போயிற்று.

பங்காருவின் முகத்தில் வேர்வை வழிந்தது. வண்டியிலிருந்து குதித்தார். வலது முன்சக்கரத்தின் முன் மண்டியிட்டார், பார்த்தார். சுற்றிக்கொண்டு இடது பக்கம் ஓடினார், பார்த்தார். எழுந்து நின்று கத்தினார்.

"எவன்டா பேரிங்க மாத்துனது?"

கிருபாதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏனுங் சாமி, இத்தன நாளும் ஆத்மான்னு சொன்னீங்க. இப்ப பேரிங்குங்கறீங்க. அது பேரிங்குன்னு உங்களுக்கு எப்ப இருந்துங் தெரியும்?"

"அது... ஆத்மா பேரிங்குலதான்..."

"சக்கரத்தத் தொட்டா கை முடங்கிப்போகும்னீங்களே. இதோ, நாங்க ரெண்டு பேரும் தொட்டுக் கழட்டி மாட்டிருக்கறோம்" என்று கிருபா என் கையையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினாள். நாலு கையும் நன்றாகவே ஆடின. கூட்டத்துக்குப் பின்னால் ரங்கராஜ் மெதுவாகத் தன் கைகளை முதுகிலிருந்து முன்னால் கொண்டுவந்தான்.

இங்கேதான் நம் ஜனங்களின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் எழுந்து, "சாமியாரு பொய்யின்னே வெச்சுக்குவோம். ஆனா தனபாலு பொய்யில்லீங்க. மூடலாமான்னு கேட்டதுக்கு உறுமிப்போட்டானில்ல? மூட வேண்டாங்கறான்!" என்றார். "ஆமாமா! சாந்தாமணிக்கே பட்டறை!" என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தேங்காயைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பட்டறை என்னுடையது. என் பக்கம் சாய்ந்த முட்டாள்தனம் எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! ஆனால் இன்றைக்கு எனக்காக உறுமுகிற கார், நாளைக்கு இன்னொருவர் கண் ஆப்பரேஷனுக்கும் உறுமும்.

ஜாக்கியைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லோர் கண் முன்னாலும் இடது சக்கரத்தைக் கழற்றினேன். சொத்தைப் பேரிங்கை எடுத்து, முன்வரிசையில் இருந்தவர்கள் கையில் கொடுத்தேன். சுற்றிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். திரிந்த பால் நாற்றத்தில் மூக்கைப் பொத்தினார்கள். முந்தின நாளே வாங்கி வைத்திருந்த புதுப் பேரிங்கைக் கிரீஸ் அப்பி மாட்டினேன். மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து, பிள்ளையாரை வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று ஓட்டினேன். இரண்டு பக்கமும் சத்தமே இல்லை.

"தம்பி... போயிட்டானா அம்மணி?" என்றார் மாமா. குரல் நிஜமாகவே கம்மியிருந்தது. அவருக்கும் தம்பிதானே.

"பங்குனியிலயே போயிட்டாருங்க மாமா. அன்னிக்கு நீங்களும்தானுங்க கூட இருந்தீங்க." வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "என்ற கையெழுத்து வேணும்னா என்கிட்டக் கேளுங்க. காருகிட்டக் கேக்காதீங்க. கேட்டாலும் நான் போட மாட்டனுங்க. பட்டறை ஓடும்."

மாமா ஸ்டியரிங்கை ஒரு தடவை தொட்டார். "ஓட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதை அவர் வண்டிக்குச் சொன்னாரோ, பட்டறைக்குச் சொன்னாரோ, அதன் பிறகு மண்டபப் பேச்சை எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் பங்காருவைக் காணோம். வண்டி முன்னால் வைத்திருந்த உண்டியலையும் காணோம். முக்காலமும் உணர்ந்தவர் அல்லவா, கூட்டம் எப்போது அடிக்கும் என்று முன்கூட்டியே உணர்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. சத்தம் போடாத வண்டியைக் கும்பிட யாருக்கும் தோன்றவில்லை. ஜாக்கியை எடுத்து வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். பூக்காரப் பாவாத்தாள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"ஏனுங் அம்மணி, அந்தப் பழைய பேரிங்கு உங்களுக்கு வேண்டாம்தானுங்களே? எனக்குக் குடுத்துப்போடுங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சு, ரெண்டு பூப் போட்டுக்கறனுங்க."

இரும்பு ஓட ஓடத் தேய்கிறது. தேய்ந்தால் கடையில் புதுசு கிடைக்கிறது. மூளை மட்டும் நம் ஊரில் தேய்ந்து நான் பார்த்ததில்லை. எடுத்து ஓட்டினால்தானே தேயும்? அதன் மேல் கிடக்கும் தார்ப்பாயை நீக்கிவிட்டு, இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று, நீங்களாவது ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கை முடங்காது. நான் பொறுப்பு.